தெரியாது என்றவருக்குப் பொன்னாடை

எங்கள் பக்கத்தில் "தெரியாது" என்ற சொல்லை யாரும் சொல்லமாட்டார்கள். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இல்லாத ஒரு தெருவின் பெயரைச் சொல்லி வழி கேட்டுப் பாருங்கள். ஒருத்தர் கிழக்கே கை காட்டுவார். இன்னொருத்தர் "அவன் சொல்றதக் கேக்காதீக" என்று மேற்கே அனுப்புவார். மூன்றாமவர் அந்தத் தெருவில்தான் தன் சம்பந்தி வீடு இருக்கிறது என்பார். தெரியாது என்று சொல்வதைவிட ஆளைத் தொலைத்துவிடுவது மரியாதை என்பது எங்கள் கொள்கை. நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். ஒரே வித்தியாசம், எனக்கு நிஜமாகவே தெரியும்.

என் பெயர் ரேணுகாதேவி. ஊர் பாலவனத்தம். திருச்சுழி ரோட்டில் இருக்கும் ஆட்டுத் தீவனக் கம்பெனியில் சூப்பர்வைசர். சம்பளச் சீட்டில்தான் சூப்பர்வைசர், மேனேஜர் பார்க்க வேண்டிய வேலை முழுவதையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய மேனேஜர் கண் ஆபரேஷனுக்குப் போனவர், கண் தெரிந்ததும் மகன் வீடே மேல் என்று கோயம்புத்தூரில் தங்கிவிட்டார். அவர் நாற்காலி காலியாகவே கிடந்தது. அதில் நான் உட்கார வேண்டும். ஆசை என்று மழுப்ப மாட்டேன், வெறி. காலையில் உள்ளே நுழைந்ததும் முதலில் அந்த நாற்காலியைத்தான் பார்ப்பேன். எவனாவது அதில் சாப்பாட்டுத் தூக்கை வைத்திருந்தால் அன்றைக்கு அவனுக்குச் சனி.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி ராஜகுரு மதுரைக்கு ஒரு வகுப்புக்குப் போனார். ஏசி ஓட்டலில் ஒருநாள் தலைமைப் பண்புப் பயிற்சி. போகும்போது அதிகம் பேசாத, வெள்ளைச் சட்டை கசங்காத, கண்ணியமான மனிதராகத்தான் போனார். திரும்பி வரும்போது கழுத்தில் பெயர் அட்டையோடு வந்தார். மறுநாளும் அதைக் கழற்றவில்லை. தன் கம்பெனியில் தன் பெயரைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்த ஒரே முதலாளி எங்கள் ஜில்லாவில் அவராகத்தான் இருக்கும்.

கோடவுன் முன்னால் எல்லோரையும் கூட்டி நிறுத்தினார். மைக் வேறு.

"இத்தன நாளா நம்ம தப்பாவே இருந்துட்டோம்," என்றார். "எல்லாந் தெரியும்னு நெனைக்கிறவன் தலைவன் இல்ல. எனக்குத் தெரியாதுன்னு எவன் தைரியமாச் சொல்றானோ, அவனுக்குத்தான் கத்துக்கத் தோணும். அவன்தான் தலைவன். இனிமே இங்க யாரு தெரியாதுன்னு சொன்னாலும் எல்லாரும் கை தட்டணும். நல்லாச் சொன்னவுகளுக்குப் பொன்னாடை. மாசக் கடைசியில யாரு அதுல ஒசத்தியோ, அவுகளுக்கு மேனேஜர் சீட்டு."

இத்தனை வருஷம் நான் கற்றதெல்லாம் ஒரே நாளில் குற்றமாகிவிட்டது.

மறுநாள் காலையே ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளியின் கார் வாசலுக்கு வந்தது. வாட்ச்மேன் மாரிக்கனி கேட்டைத் திறக்கவில்லை. குனிந்து கார் கண்ணாடியைத் தட்டி, "யாரு நீங்க? யாரப் பாக்கணும்?" என்று கேட்டார். முதலாளி காரைவிட்டு இறங்கி, கண் கலங்க, முதல் பொன்னாடையை அவருக்குப் போர்த்தினார். அன்று சாயங்காலம் வரை யாரையும் உள்ளே விடாமல், எல்லோரிடமும் யாரென்று விசாரித்தார் மாரிக்கனி. என்னை இரண்டு தடவை விசாரித்தார்.

மிக்ஸர் ஓட்டும் பொன்ராஜ் அதைவிடக் கெட்டிக்காரர். "சுவிட்சு எங்க இருக்குண்ணே?" என்று லோடுமேன் ஒருத்தர் கேட்டதற்கு, "அதத்தாம்பா நானும் தேடிக்கிட்டிருக்கேன்" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் மிக்ஸர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவருக்கும் ஒரு பொன்னாடை. அதைத் தலையில் கட்டிக்கொண்டு தவிடு கொட்டினார்.

ஆனால் இவர்களெல்லாம் பாடுபட்டு நடித்தவர்கள். பாடுபடாமலே ஜெயித்தவன் ஹரி. முதலாளியின் அக்கா மகன், கம்பெனியில் என்ன வேலை பார்க்கிறான் என்பது அவனுக்கும் விளங்காத ஒரு வேலையைப் பார்ப்பவன். நல்ல பையன், குறை சொல்ல முடியாது. சிரித்த முகம். எதைக் கேட்டாலும் "தெரியலையே மாமா" என்று அவன் சொல்லும்போது அதில் ஒரு சுத்தம் இருந்தது. பசும்பாலில் தண்ணீர் கலந்ததையும் கலக்காததையும் நாக்கு கண்டுபிடித்துவிடும் அல்லவா? எங்கள் தெரியாதுகளில் எல்லாம் தண்ணீர் இருந்தது. அவனுடையது கறந்த பால்.

இரண்டாவது வாரத்தில் அவனுடைய சிநேகிதர்கள் திருச்சுழி ரோட்டில் பெரிய பிளக்ஸ் வைத்துவிட்டார்கள். ஹரி கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு செல்போனில் பேசுவது மாதிரி படம். "எதுவுமே தெரியாத எங்கள் அண்ணனே! மேனேஜர் நாற்காலியை அலங்கரிக்க வருக!" அதற்குக் கீழே பொடி எழுத்தில், "இவண்: அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதை நன்கு அறிந்த நண்பர்கள்." பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துப் படித்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பிளக்ஸில் போட்டால் எங்கள் ஊரில் அது கௌரவம்தான்.

என் நிலைமைதான் பரிதாபம். எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. தினமும் காலையில் மீட்டிங். முதலாளி ஒவ்வொருத்தரிடமும் ஒரு கேள்வி கேட்பார். ஒருநாள் என்னிடம், "ரேணுகா, கடலப் புண்ணாக்கு நமக்கு எங்கருந்து வருது?" என்றார். பல்லைக் கடித்தேன். சேலைத் தலைப்பைக் கசக்கினேன். தெரியாது என்று சொல், மூதேவி, ஒரு சொல்தானே என்று எனக்கு நானே உத்தரவு போட்டேன். வாய் திறந்தது.

"காரியாபட்டிலருந்துங்க மொதலாளி. நேத்து வந்த லோடு ஈரம். அதப் போட்டா ஆட்டுக்குக் கழியும். திருப்பி அனுப்பிட்டேன்."

நுணலும் தன் வாயால் கெடும். ஒரு கை கூடத் தட்டவில்லை. பின்னால் யாரோ இழவு வீட்டில் உச்சுக் கொட்டுவது மாதிரி "ப்ச்" என்றார்கள். முதலாளி மட்டும் கழுத்தை நீட்டி, நான் சொன்னதைக் கடைசி எழுத்துவரை கேட்டார். என்னை மட்டந்தட்டத்தான் கேட்கிறார் என்று எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பயிற்சி எடுத்துப் பார்த்தேன். ஒரு அம்மா ஏறி, "தாயி, இது பாலவனத்தம் போகுமா?" என்று கேட்டார். நல்ல சந்தர்ப்பம். "தெரியாது" என்றேன். என்ன சுகமாக வந்தது! அந்த அம்மா பதறிப்போய் இறங்கப் பார்த்தார். கண்டக்டர் ஓடி வந்து என்னிடம் சண்டை பிடித்தார்.

"ஏக்கா, தெனமும் இதே பஸ்ஸுலதான வாரீக? இதே சீட்டுலதான ஒக்காருதீக? எதுக்குக்கா இந்த வேல?"

"வேலைக்காகத்தான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அழுகை வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒன்றும் தெரியாதவன் மேனேஜராகி, நான் அவன் முன்னால் கை கட்டி நின்று, அவனுக்குத் தெரியாததையெல்லாம் நான் தெரிந்து சொல்லி, அதற்கு அவன் கையெழுத்துப் போடுவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

மாதக் கடைசி வந்தது. கோடவுன் முன்னால் பந்தல். பெரிய பொன்னாடை, ரோஜா மாலை. ஹரி புதுச் சட்டையில் வந்திருந்தான். ஹரிதான் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் தெரியும் என்று யாரும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் ஆபீஸ் போன் விடாமல் அடித்தது. எடுத்தவர்கள் எல்லாம் "தெரியாதுங்க" என்று சந்தோஷமாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். கடைசியில் நான் போய் எடுத்தேன். திருச்சுழியில் எங்கள் தீவனம் விற்கும் பால்சாமி.

"ஏத்தா ரேணுகா, நீயாச்சும் மனுசத் தமிழ் பேசுவியா? என்னத்தக் கலந்து அனுப்புனீக? காலைல வந்த லோட்டுல நாலு மூட்டையப் பிரிச்சேன். ஊர்ல உள்ள ஆடு பூராம் கட வாசல்ல வந்து நிக்கிது. வெரட்டுனாலும் போகமாட்டேங்குது. லாரிய நகட்ட முடியல. ஒங்க டிரைவரு செல்லப்பாண்டி பயந்துபோயி கேபின் மேல ஏறி ஒக்காந்திருக்கான். ஆட்டுக்கு எதும் ஆச்சுன்னா ஊர்க்காரன் என்னய உசுரோட விடமாட்டான்."

ஓடினேன். பொன்ராஜிடம், "காலைல போன லோட்டுல என்ன கலந்தீக?" என்று கேட்டேன்.

"தெரியாது" என்றார். பக்கத்தில் நின்ற லோடுமேன்கள் கை தட்டினார்கள்.

"பொன்ராஜண்ணே, வெளையாடாதீக. ஆடு செத்துப்போகும்."

அவர் முகம் வெளுத்தது. பொன்னாடையைத் தலையிலிருந்து உருவினார். "நெசமாவே தெரியாதுக்கா. ஹரித் தம்பிதான் கொட்டுச்சு. எதுக்குன்னு கேக்கத் தோணுச்சு. பதில் தெரிஞ்சிட்டா பரிசு போயிரும்னு கேக்கல."

ஹரியைப் பந்தலிலிருந்து இழுத்து வந்தேன். அவன் ஒளிக்கவில்லை. "அக்கா, வேற எதையாச்சும் சேத்தா என்னாகும்னு ஒரு கேள்வி வந்துச்சு. மாமாதான கேள்வி வந்தா விடாதன்னாரு. கோடவுன் மூலைல அரைச்ச மாவு மாதிரி மூட்ட மூட்டையாக் கெடந்துச்சு. அதக் கொட்டச் சொன்னேன். என்னதுன்னு நெசமாவே தெரியாதுக்கா. நான் நடிக்கல."

அவன் எப்போதுமே நடித்ததில்லை. அதுதான் ஆபத்து. அந்த மூலையில் என்னென்னவோ கிடக்கும். சாம்பிளுக்கு வந்தவை, திருப்பி அனுப்ப வேண்டியவை, முதலாளி வயலுக்கு வாங்கிய யூரியா கூட அங்கேதான். யூரியா ஆட்டுக்குள் போனால் கதை முடிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன், மூலை துப்புரவாகக் கூட்டிக் கிடந்தது. காலிச் சாக்குகளையும் எங்கேயோ போட்டுவிட்டார்கள்.

விஷயம் அதற்குள் பந்தலுக்கு எட்டியிருந்தது. நான் மூச்சிரைக்க வந்து நின்றதைப் பார்த்து முதலாளி மைக்கிலேயே கேட்டார். "என்னம்மா ரேணுகா? என்ன கலந்துச்சாம்?"

"தெரியாது!" என்று கத்தினேன்.

என் வாழ்க்கையில் முதல் தடவை எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. பந்தலே அதிரும்படி கை தட்டினார்கள். யாரோ ஓடி வந்து, ஹரிக்கு வைத்திருந்த மாலையை என் கழுத்தில் போட்டார்கள். பந்தலுக்குத் திரும்பியிருந்த ஹரியே எழுந்து நின்று கை தட்டினான். ஒரு மாதமாக இந்தக் கைதட்டலுக்குத்தான் ஏங்கியிருந்தேன். மாலையைப் பிய்த்து எறிந்தேன்.

"எதுக்குய்யா கை தட்டுதீக? தெரியலைன்னா போயிப் பாக்கணும்! வயிறு பத்திக்கிட்டு ஓடணும்! உக்காந்து பொன்னாட போத்திக்கிறதுக்காடா தெரியாதுன்னு சொல்றது?"

முதலாளி மைக்கைக் கீழே வைத்தார். "வாம்மா, போவோம்" என்று காரை நோக்கி நடந்தார். கிட்டத்தட்ட ஓடினார்.

திருச்சுழியில் பால்சாமி கடைத் தெருவுக்குள் கார் நுழைய முடியவில்லை. வெள்ளாடும் செம்மறியுமாக ரோட்டை அடைத்து நின்றன. ஒன்றுகூட மேய்ச்சலுக்குப் போகிற நினைப்பில் இல்லை. எல்லாம் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தன. கேபின் மேல் செல்லப்பாண்டி சம்மணம் போட்டு உட்கார்ந்து, மேடையில் பேச வந்த தலைவர் மாதிரி இருந்தார். "கத்தாதீக, சத்தங் கேட்டா இன்னும் வருது" என்று எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். முதலாளி ஆடுகளுக்கு நடுவே இறங்கி நடந்தார். ஒரு கிடா அவர் கழுத்து அட்டையைக் கவ்வி இழுத்துத் தின்ன ஆரம்பித்தது. அவர் விட்டுக் கொடுத்துவிட்டார்.

நான் பிரித்த மூட்டையில் கையை விட்டு அள்ளினேன். மோந்து பார்த்தேன். யூரியா நெடி இல்லை. நுனி நாக்கில் வைத்தேன். இனிப்பு. லேசான துவர்ப்பு. இது எனக்குத் தெரிந்த ருசி. உடனே கால்நடை டாக்டருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அதிகம் தின்றால்தான் கோளாறு, இனிமேல் அதைக் கொடுக்காதீர்கள், தண்ணீரும் வைக்கோலும் காட்டுங்கள், வயிறு உப்புகிறதா என்று பாருங்கள், நானும் வருகிறேன் என்றார். ஆடுகள் தெம்பாகத்தான் இருந்தன, பேராசையைத் தவிர ஒரு நோயும் தெரியவில்லை. அங்கேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். வெட்கப்படாமல் அழுதேன்.

முதலாளி பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தார். அவரும் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இது என்ன ருசிம்மா?"

"சீமக்கருவேல நெத்து, காஞ்ச காயி. அரைச்சு யாரோ சாம்பிளுக்குக் கொண்டாந்தது. ஆட்டுக்குன்னா உசுரு."

மென்றுகொண்டே இருந்தார். பிறகு, ஆடுகளுக்குக்கூடக் கேட்டுவிடக்கூடாது என்பது போல மெதுவாகக் கேட்டார்.

"இத நம்ம எப்பவுமே போடுறதில்லையா?"

"இல்லையே."

"அப்ப நம்ம மூட்டைல என்னென்னதான் போடுறோம்?"

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். விளையாட்டாகக் கேட்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. பரீட்சையில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி வேர்த்திருந்தது. மூட்டைமேல் அச்சடித்திருந்ததும் அவருடைய படம்தான், அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

"எங்கப்பா செத்த மறுநாளு கம்பெனிக்கு வந்தேன்," என்றார். "மிக்ஸர்ல என்ன போடுறீகன்னு கேட்டேன். லோடுமேன்லாம் ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிச்சாக. கணக்குப்பிள்ள தனியாக் கூப்பிட்டு, மொதலாளி கேக்கக் கூடாதுய்யா, கேட்டா கொறைஞ்சு போவீகன்னாரு. அன்னைக்கு மூடுன வாயி. எதக் கொண்டாந்து காட்டுனாலும் தலையாட்டுவேன். தலையாட்டியே முடி நரைச்சிருச்சு."

கையிலிருந்த தூளைத் துடைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"மதுரைல வகுப்பு எடுத்த ஆளு, ஒங்களுக்குத் தெரியாதது ஒண்ணச் சொல்லுங்கன்னாரு. எல்லாரும் டக்கு டக்குன்னு எந்திரிச்சுச் சொன்னாக. எனக்கு மட்டும் எந்திரிக்க முடியல. வெளிய வந்து குழாய்ல மூஞ்சியக் கழுவிட்டு நின்னேன். அப்பத்தான் தோணுச்சு. நம்ம ஆளுக எல்லாரும் தெரியாது தெரியாதுன்னு பழகிட்டாக, கூட்டத்தோட கூட்டமா நானுஞ் சொல்லிரலாம்னு. கையும் தட்டச் சொல்லிட்டா வெக்கமா இருக்காதுல்ல." கையிலிருந்த தூளைத் தட்டிவிட்டார். "கடைசி வரைக்கும் யாரும் என்னய ஒண்ணும் கேக்கல ரேணுகா. மொதலாளிக்குத் தெரியும்னு விட்டுட்டாக."

என் ஒரு மாத வயிற்றெரிச்சலையும் அவர் தலையில் கொட்ட நினைத்திருந்தேன். பஸ்ஸில் அழுதது, சோறு இறங்காதது, எல்லாவற்றையும். கொட்டவும் செய்தேன். நிறுத்தாமல் திட்டினேன். கடைசியில், "ஒரு கேள்வியக் கேக்குறதுக்கு ஊரையே முட்டாளாக்கணுமா?" என்று கேட்டேன். செல்லப்பாண்டி மேலேயிருந்து பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திட்டித் தீர்ந்ததும் மனசு லேசாகி, அந்த மனுஷர் மேல் இரக்கம் வந்துவிட்டது. அவர் கேட்டதற்குப் பதிலைச் சொன்னேன். மக்காச்சோளம், தவிடு, கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, உப்பு, தாது உப்பு. விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டார். பாதியில் ஒன்றை மறந்து மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன்.

"நாளைக்கு நான் எத்தன மணிக்கு வரட்டும்?" என்றார்.

அவர் கம்பெனிக்கு அவர் வருவதற்கு என்னிடம் நேரம் கேட்கிறார். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை.

"எட்டு மணிக்கு. நேரா மிக்ஸர்கிட்ட வாங்க, ஹரியையும் கூட்டிட்டு வாங்க. ஆபீஸ் ரூமும் மேனேஜர் சீட்டும் எனக்கு வேணும். வெள்ளச் சட்ட போடக் கூடாது."

அவர் தலையாட்டினார். ஆட்டிய தலை பாதியில் நின்றது. சுற்றிலும் ஆடுகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"எதுக்கு வெள்ளச் சட்ட வேணாங்கிற?" என்றார். "எனக்குத் தெரியலையே."

யாரும் கை தட்டவில்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன்.